எட்டு ரவுண்டு

என்னிடம் ஒரு ரிவால்வர் இருக்கிறது. லைசென்ஸ் கிடையாது, தேவையும் இல்லை. திருவண்ணாமலை தேரடித் தெருவில் தீபாவளிக்குப் போடுகிற கடையில் வாங்கியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். வார்ப்பு உலோகம், பழுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, முனை அடைத்த குழல். எட்டு கேப்பு உள்ள சிவப்பு வளையத்தை மாட்டி, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து, டிரிகரை அழுத்தினால் ‘டப்’. முப்பதைத் தாண்டிய, கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிற ஒருத்தன் இதற்கு வருஷாவருஷம் தையல் மிஷின் எண்ணெய் போடுவானேன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

காரணம் அந்தக் கட்டைவிரல்தான். நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதில் வைத்திருந்த தகரத் துப்பாக்கியில் எல்லா வேலையும் டிரிகருக்கு. சுத்தியலைத் தூக்குவது, சுருள் கேப்பை நகர்த்துவது, அடிப்பது மூன்றும் அதன் தலையில். அதனால் அழுத்தக் கனமாக இருக்கும், குறி ஆடும். (கேப்புக்கு எதற்குக் குறி என்று கேட்காதீர்கள்.) என்னுடையது சிங்கிள் ஆக்‌ஷன். சுத்தியலை இழுக்கும்போதே ஒரு சின்ன நெம்பு உருளையை ஒரு பல் தள்ளித் திருப்பிவிடும். டிரிகருக்கு மிச்சம் ஒரே வேலை, பிடித்து வைத்திருப்பதை விடுவது. ஒரு ஃபங்ஷன் ஒரு வேலைதான் செய்ய வேண்டும் என்று ஜூனியர்களிடம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1836-லேயே சாமுவேல் கோல்ட் அதற்குப் பேட்டண்ட் வாங்கிவிட்டார்.

கோல்ட் 1830-ல், பதினாறு வயதில், ‘கார்வோ’ என்ற கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்பார்கள். அவருடைய கம்பெனி 1873-ல் கொண்டுவந்த மாடல்தான் கௌபாய் படங்களில் எல்லோர் இடுப்பிலும் தொங்குவது. அதில் ஒரு பக் இருந்தது. சுத்தியலின் மூக்கு நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கும். கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்குக் கீழே ஒன்றைக் காலியாக விடுவார்கள். இதே வகைத் துப்பாக்கி செய்த ரூகர் கம்பெனி, சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டையைப் போட்டு அதைச் சரிசெய்தது 1973-ல். நூறு வருஷம் ஓப்பனாகவே கிடந்த டிக்கெட்!

அந்தப் பழைய மாடல்களைப் பிரதி எடுத்து விற்பதற்கென்றே இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற ஊரில் ஆல்டோ உபெர்ட்டி 1959-ல் ஒரு பட்டறை தொடங்கினார். அதே 1959-ல்தான் நமக்கு ஆயுதச் சட்டம் வந்தது. 2014-ல் கான்பூர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற அரைக்கிலோ ரிவால்வரை விட்டபோது விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். லைசென்ஸ் அலைச்சல் தனி. ஆக, நமக்கு வாய்த்த பிரதி தேரடித் தெருவில்தான் கிடைக்கிறது.

நமக்குக் கௌபாயைக் கொடுத்த ஊரும் கேப்பைக் கொடுத்த ஊரும் ஒன்றுதான், சிவகாசி. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டும் அங்கே அச்சானவை. 1948-ல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் அங்கேதான் தமிழ் கற்றார். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கச் சிவகாசியிலிருந்து கிளம்பிப் போனதும் கல்கத்தாவுக்குத்தான். கோல்ட் போன அதே கல்கத்தா. இதில் எந்த அர்த்தமும் இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

தீப்பெட்டியில் ஓர் அழகான பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையில் இருக்கும். சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். நீங்கள் உரசும்வரை இரண்டும் சந்திக்காது. கேப்பில் அந்த ஏற்பாடு கிடையாது. இரண்டையும் ஒரே பொட்டில் சேர்த்துத்தான் வைத்தாக வேண்டும். அதனால்தான் கல்லால் தட்டினாலும் வெடிக்கிறது. எங்கள் தெருவில் துப்பாக்கி இல்லாத பையன்கள் ஒரு நட்டுக்குள் மருந்தைச் சுரண்டிப் போட்டு, இரண்டு பக்கமும் போல்ட்டைத் திருகி, ரோட்டில் வீசுவார்கள். தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேர் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவேகூட வீசியிருக்கிறார்கள். ஒரு பொட்டில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. அமெரிக்காவில் பேப்பர் கேப்புக்கு உச்சவரம்பே சுமார் 16 மில்லிகிராம்தான். சுடுகிறவனுக்கு அது விளையாட்டு.

செய்கிறவர்களுக்கு அது கிலோக் கணக்கு. இதை எனக்குச் சொன்னவன் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் ரூம்மேட். சிவகாசிப் பக்கம். மூன்றாம் வருஷம் தீபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். மலைமேல் தீபம் ஏற்றியதும் மாடியில் எல்லோரும் அரோகரா சொல்லி முடித்தபிறகு, நான் பெருமையாக இந்த ரிவால்வரைக் காட்டினேன். அவன் துப்பாக்கியை வாங்கவில்லை. கேப்பு வளையத்தை மட்டும் எடுத்து, விளிம்பில் பிடித்துப் பார்த்தான்.

“எங்கம்மா கேப்பு யூனிட்லதான் மாப்ள வேலை பாக்குது. மருந்து ஈரமா இருக்கிறவரைக்கும் அது களிமண்ணு மாதிரி. காஞ்சிட்டா மூச்சு விடவே யோசிக்கணும்.”

கூலி குரோஸ் கணக்கு. அதனால் வேகம் வேண்டும். வேகத்தில் ஒருநாள், காய்ந்த தாள்களை அடுக்கும்போது ஓரம் உரசியிருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று, ஒன்று கட்டைவிரல். ஆஸ்பத்திரிச் செலவுக்கு யூனிட்டில் கொடுத்ததை அட்வான்ஸ் என்று எழுதிவைத்து, பிறகு கூலியில் பிடித்துக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து அதே வேலைக்குத் திரும்பிப் போயிருக்கிறார். இதெல்லாம் பேப்பரில் வராது. வந்தது 2012 செப்டம்பர் 5-ல் நடந்த முதலிப்பட்டி விபத்து. குறைந்தது 38 பேர் இறந்தார்கள்.

நிஜ ரிவால்வரில் ஆபத்து குழலுக்கு முன்னால் நிற்பவனுக்கு. கீழே விழுந்தால் வைத்திருப்பவனுக்கும். இந்த விளையாட்டு ரிவால்வரில் முன்னால் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது, பிடித்திருப்பவனுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆபத்தெல்லாம் கடைக்கு வருவதற்கு முன்பே யாரோ பட்டு முடித்ததுதான் பத்து ரூபாய் டப்பாவில் வருகிறது. ‘அப்போ வாங்காதே’ என்று நீங்கள் சொல்லலாம். நானும் அவனிடம் அப்படித்தான் சொன்னேன். “நீ வாங்கலைன்னா எங்கம்மாவுக்கு வாரத்துல மூணு நாள்தான் வேலை”ன்னான். அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு டப்பா வாங்குகிறேன். பாதி அப்படியே இருக்கும். என் பெண்ணுக்குக் கேப்பு போடாமல் சுத்தியலை இழுத்து, உருளை திரும்புகிற ‘க்ளிக்’கைக் கேட்பதுதான் பிடிக்கிறது.

போன தீபாவளிக்கு அவனுக்குப் போன் பண்ணினேன். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லையாம். வெடி போடுவாங்களா என்று கேட்டேன். “மத்தாப்புகூட தொடாது மாப்ள. ராத்திரி ஊரே வெடிக்கும்போது கதவைச் சாத்திக்கிட்டு மிக்ஸில எதையாவது அரைச்சுக்கிட்டே இருக்கும்” என்றான். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.