மெட்டமைத்தவர் பெயர்

எல். வைத்தியநாதன் என்றால் நண்பர்களிற் பலர் யோசிக்கிறார்கள். 'மால்குடி டேஸ்' முகப்பிசை என்றதும் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வயலின் வித்துவான் லட்சுமிநாராயணாவின் மூத்த மகன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையன். தம்பியர் உலக மேடைகளை நாட, இவர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகித் திரையிசைக்கு வந்தார். பாரதி நூற்றாண்டான 1982-இல், ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' படத்திற்காகப் பாரதி பாடல்களுக்கு மெட்டமைத்தார். தமிழ் கற்பிக்கும் நமக்கு அதுவே அவருடைய உச்சமாகத் தோன்றவேண்டும். தோன்றவில்லை.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நாம் சிறுவர்களாயிருந்தபோது தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. தூர்தர்ஷனில் சங்கர் நாக்கின் அத்தொடர் ஹிந்தியில் ஓடும்; பெட்டிக்கு உரியவர் உட்பட ஒருவருக்கும் மொழி தெரியாது. ஆயினும் பொருளற்ற அசைகளைப் பாடும் அக்குரல் கேட்டதும் நம்மூர்க் கதை என்று விளங்கிவிடும். நடவுப் பாட்டில் சொல் தீர்ந்த இடத்தில் வரும் அசைகளின் இனம் அவை.

1987-இல் வசனமே இல்லாத 'பேசும் படம்' எடுத்த சிங்கீதம் சீனிவாசராவ் இவரை நாடியதில் வியப்பில்லை. நட்சத்திர விடுதியின் அமைதியில் உறக்கம் வராத நாயகன், பழைய இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துவந்து கேட்டபடி உறங்கும் படம் அது. அதில் வாத்தியங்களை இட்டு நிரப்பாமல் இவர் பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறார். (பின்னாளைய நெடுந்தொடர்களிலோ ஒவ்வொரு முறைப்புக்கும் ஓர் இடி!)

2007 மே மாதம் மறைந்தார். பாரதி விழாக்களில் அவருடைய மெட்டுகளை நம் மாணவர்கள் பாடுகிறார்கள். அறிவிப்பாளர் கவிஞர் பெயரையும் பாடுபவர் பெயரையும் சொல்லி நிறுத்திவிடுவார். இப்போதெல்லாம் அறிவிப்புச் சீட்டில் மூன்றாவது பெயரை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.