நீலம் முன்னே, கருப்பு பின்னே

கடைவழக்கில் ‘புளூ பிளாக்’ எனப்படும் நீலக்கருப்பு மை, நீலத்தையும் கருப்பையும் கலந்து செய்த ஓர் இடைநிறம் என்பதே ஊற்றுப் பேனா பழகியோர் பலரும் கொண்டிருக்கும் கருத்து. எளிமையான இவ்விளக்கம் பழைய கையெழுத்துகளோடு ஒத்துப்போவதில்லை. இக்கட்டுரையாளரின் பாட்டனார் எழுதிவைத்த கணக்கேட்டில், சில பக்கங்களின் எழுத்து நீர் பட்ட இடங்களில் சாயமாக ஓடிக் கரைந்திருக்க, வேறு சில பக்கங்களில் நீர்க்கறையின் நடுவிலும் எழுத்து கருமை குன்றாமல், ஓரங்களில் மட்டும் பழுப்பேறி நிற்கிறது. இரண்டும் கலவைச் சாயம் என்றால் இரண்டுமே கரைந்திருக்க வேண்டுமல்லவா என்ற ஐயத்திலிருந்தே இத்தேடல் பிறந்தது.

முதலில் பின்பற்றிய வழி தாள்வழிப் பிரிகை, அதாவது மை ஒற்றும் தாளின் கீற்றில் ஒரு துளி மையை இட்டு, கீற்றின் நுனியை நீரில் நிறுத்தி, ஏறும் நீரோடு சாயங்கள் தனித்தனியே பிரிவதைக் காணும் முறை. கடைகளில் நீலக்கருப்பு என்ற பெயரில் கிடைத்த மைப்புட்டிகள் ஒவ்வொன்றும் இச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் நீலம், ஊதா, சாம்பல் எனப் பிரிந்து நீரோடு ஏறியதேயன்றி, துளி இட்ட இடத்தில் எதுவும் எஞ்சி நிற்கவில்லை. நீல மையையும் கருப்பு மையையும் பல விகிதங்களில் கலந்து எழுதி, உலரவிட்டு, நீரில் நனைத்துப் பார்த்தபோதும் கணக்கேட்டின் கரையாத கருமை அவற்றில் ஒன்றிலும் தோன்றவில்லை. பல வாரங்கள் நீண்ட இம்முயற்சி, மறுக்க எண்ணிய கருத்தையே மெய்ப்பிப்பதுபோல் முடிந்தது. சோதனையில் பிழையில்லை, தேடிய இடமே தவறு. இன்றைய புட்டிகளுள் பெரும்பாலானவை பழைய மையின் பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டவை என்பதால், அப்பெயர் எதைக் குறித்தது என்பதற்கு அவற்றிடம் விடை இருக்க வழியில்லை.

எந்தெந்த நிறங்கள் கலந்தன என்ற கேள்வியைக் கைவிட்டு, எந்த நிறம் முதலில் தோன்றியது என்று கேட்கத் தொடங்கிய பின்னரே வழி திறந்தது. இலண்டனில் மருத்துவராக இருந்த ஹென்றி ஸ்டீபன்ஸ், மாணவப் பருவத்தில் கவிஞர் ஜான் கீட்ஸுடன் ஒரே விடுதியில் தங்கிப் பயின்றவர். 1832ஆம் ஆண்டில் மைத் தொழிலைத் தொடங்கிய அவரது நிறுவனத்திற்குப் பெயர் வாங்கித் தந்தது நீலக்கருப்பு எழுதுமையே. அவ்வகை மைகளுக்கு அடிப்படையான இரும்புத் துவர்மை அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. துவர்ப்புச் சத்தாகிய டானினும் இரும்பு உப்பும் சேர்ந்து உருவாகும் மை அது. இவை கரைசலில் சேரும்போது பெரிதும் வெளிறியே இருக்கும். தாளில் பட்டுக் காற்றின் உயிர்வளியோடு கலந்த பின்னரே இரும்பு மாற்றம் அடைந்து, நீரில் கரையாத கரும்பொருளாகித் தாளின் நாரோடு பற்றிக்கொள்ளும். புட்டியிலேயே கருத்துவிட்டால் வண்டல் படியும் என்பதால், அமிலம் சேர்த்து அதை வெளிறிய நிலையிலேயே நிறுத்திவைத்தனர். ஆனால் வெளிறிய மையில் எழுதுவோருக்குத் தம் எழுத்தே தெரியாது. அக்குறையைப் போக்கத் தற்காலிகச் சாயமாக நீலம் சேர்க்கப்பட்டது. 1850களில் டிரெஸ்டன் நகரின் ஆகஸ்ட் லியோன்ஹார்டி அவுரியையும் மஞ்சிட்டியையும் இதற்குப் பயன்படுத்தினார். 1890இல் ஷ்லுட்டிக், நாய்மான் ஆகிய இருவரும் வகுத்த அளவுகோல் மை, ஒரு லிட்டருக்கு 23.4 கிராம் டானினும் 7.7 கிராம் காலிக் அமிலமும் 30 கிராம் இரும்பு சல்பேட்டும் கொண்டது.

இப்பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடியபோது கிடைத்த விடை, தேடலை அயல்நாட்டு ஆய்வகங்களிலிருந்து வீட்டுக்கே திருப்பிக் கொணர்ந்தது. இரும்பு சல்பேட்டு என்பது நாட்டு மருந்துக் கடையின் அன்னபேதி. மைக்கு வேண்டிய டானினுக்கென ஐரோப்பியர் சிரியாவின் அலெப்போவிலிருந்து தருவித்த ‘காய்’, ஒருவகைக் குளவி முட்டையிடுவதால் கருவாலி மரத்தில் உண்டாகும் புடைப்பு. கைக்குழந்தைக்கு உரைத்துப் புகட்டும் உரைமருந்தில் கடுக்காய், வசம்பு, சாதிக்காய் ஆகியவற்றோடு இடம்பெறும் மாசிக்காயே அது. மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடித்த நீரில் அன்னபேதிக் கரைசலைச் சேர்த்து, தொட்டெழுதும் முள்ளால் எழுதிப் பார்த்தபோது, சாம்பல் நிறத்தில் தோன்றிய வரி மறுநாள் காலையில் கருத்திருந்தது. நீரில் நனைத்தபோதும் கரையவில்லை. காளத்தியின் கலம்காரி ஓவியர்கள் கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணிமேல், துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கோடு வரையும்போது அக்கோடு கருப்பதும் இதே வினையால்தான்.

பேனாவின் வடிவத்தையும் இம்மையே ஓரளவு தீர்மானித்தது. அதன் அமிலம் எஃகு முள்ளை அரித்ததால், அரிப்புக்கு ஈடுகொடுக்கும் 14 காரட் தங்கமுள் ஊற்றுப் பேனாவுக்குத் தேவையாயிற்று. தேயாதிருக்க அதன் நுனியில் இரிடிய வகைக் கடின உலோகம் பற்றவைக்கப்பட்டது. 1931இல் வெளிவந்த பார்க்கரின் குயிங்க் போன்ற சாய மைகள் பேனாவுக்கு இதமானவையாக இருந்ததால், காலப்போக்கில் அன்றாட எழுத்து அவற்றின் வசமாயிற்று. ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938இல் காப்புரிமை பெற்ற பந்துமுனைப் பேனா எண்ணெய் கலந்த குழம்பு மையையும், பின்னர் வந்த ரோலர்பால் நீர்த்த மையையும் கொள்ளுமாறு அமைந்தவை. துவர்மைக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. ஆகவே நிலைக்க வேண்டிய எழுத்துக்கு ஊற்றுப் பேனாவைத் தேர்பவர், ஊற்றுப் பேனாவுக்கென்றே செய்யப்பட்ட துவர்மையை வாங்குவதும், அதைப் பேனாவில் உலரவிடாமல் முள்ளையும், மையை முள்ளுக்குச் செலுத்தும் நாக்கட்டையையும் சில வாரங்களுக்கு ஒருமுறை நீரில் அலசுவதும் இன்றியமையாதவை. வீட்டில் காய்ச்சிய மை வண்டல் படிந்து நாக்கட்டையை அடைத்துவிடும் என்பதால் அது தொட்டெழுதும் முள்ளுக்கு மட்டுமே உரியது.

கணக்கேட்டின் கரையாத பக்கமொன்றின் ஓரத்தில் சிந்தியிருந்த மைப்பொட்டின்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு துளி வைக்கப்பட்டது. இரும்பைப் பிணைத்துக் கரைக்கும் அப்புளிப்பில் பொட்டு வெளிறியது. நீரால் இயலாததை எலுமிச்சை செய்ததிலிருந்து, அங்கிருப்பது இரும்பு மை என்பது உறுதியாயிற்று. அப்படியானால் நீலக்கருப்பு என்ற பெயர் நிறக்கலவையைக் குறித்ததன்று; எழுதும் வேளையில் நீலம், எழுதிய பின் கருப்பு எனக் காலவரிசையைக் குறித்தது. பாட்டனார் வரவுசெலவை எழுதியபோது அவர் கண்முன் விரிந்தவை நீல வரிகள். அவர் ஏட்டை மூடிவைத்த பின்னரே முதிர்ந்த கருமையைத்தான் பேரர் தலைமுறை இன்று படித்துக்கொண்டிருக்கிறது.