முதல் சாட்சி ஒரு பெண்

ஈஸ்டர் வந்தாலே என் மனம் மகதலா மரியாவிடம் போய் நின்றுவிடும். இயேசுவின் கல்லறைக்கு அதிகாலையில் முதலில் போனவர்களில் ஒருவர் என்று நான்கு நற்செய்திகளும் அவர் பெயரைச் சொல்கின்றன.

அந்தக் காலத்தில் பெண்ணின் சாட்சிக்கு மதிப்பு குறைவு. அதை ஏற்கவே கூடாது என்று எழுதினார் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். பெண்கள் வந்து சொன்னபோது சீடர்களே நம்பவில்லை என்கிறார் லூக்கா.

கட்டிய கதையென்றால், பேதுருவை முதல் சாட்சி ஆக்கியிருக்கலாமே! ஊர் நம்பாத ஆளை யாராவது சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்களா?

இதனால் உயிர்த்தெழுதல் நிரூபணமாகிவிடாது. அதற்குமேல் நம்புவது விசுவாசம். ஆனால், ‘பொம்பளை பேச்சுதானே’ என்று தள்ளிவிடாமல் அவர் பெயரை எழுதிவைத்தார்களே, அந்த நேர்மைதான் என்னை நம்பும் பக்கம் இழுக்கிறது.