என்ன கண்டக்டரே!

அப்பாவுக்கு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். கம்பம் - குமுளி ரூட்டில் கண்டக்டர். அப்பேர்ப்பட்ட மனுஷரைக் கலிஃபோர்னியாவில் ஒரு ஃப்ளாட்டுக்குள் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஜன்னல் வழியாகத் தெரியும் பஸ்ஸைப் பார்த்து, "மூணே பேருதான்டா இருக்கான். டீசல் காசாவது தேறுமா?" என்று யாருக்காகவோ கவலைப்படுவார்.

அம்மா போனபின் நான்தான் பிடிவாதமாக அழைத்து வந்தேன். ஆறு மாச அனுமதி முடியப் போகிறது. இன்னும் ஆறு மாசம் நீட்டிக்க மனு ரெடி. அவர் கையெழுத்துதான் பாக்கி. வீட்டில் வைத்துக் கேட்கத் தைரியமில்லை. மலை உச்சியில், காற்று வாங்கிக்கொண்டு, நல்ல மூடில் இருக்கும்போது கேட்டுவிடலாம் என்று பிளான். மானேஜரிடம் லீவு கேட்க நேரம் பார்ப்போமே, அந்த மாதிரி!

ஆகவே ஜூன் மாசத்தில் ஒரு சனிக்கிழமை, விடியுமுன் கிளம்பி, நாபா பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கும் கலிஸ்டோகாவுக்குப் போனோம். ஒயினுக்குப் பேர்போன பிரதேசம். ஊர்ப்பெயருக்கே ஒரு கதை உண்டு. ஊரை உருவாக்கிய ஸாம் பிரானன் என்பவர், இதை நியூயார்க் பக்கத்து ஸரடோகா போல வெந்நீர் ஊற்று ஊராக்க ஆசைப்பட்டாராம். 'கலிஃபோர்னியாவின் ஸரடோகா' என்று சொல்ல வந்து, நாக்குக் குழறி 'ஸாரஃபோர்னியாவின் கலிஸ்டோகா' என்றுவிட்டாராம்!

"உள்ளே கொஞ்சம் போயிருக்கும்" என்றார் அப்பா.

வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். காய் இன்னும் மிளகு சைஸில்தான் இருந்தது. கம்பத்துக்காரருக்குத் திராட்சை தெரியாதா? "என்னடா, பந்தலே போடல? கம்பியைக் கட்டித் தரையோட நிக்க வச்சிருக்கான். வருஷத்துக்கு எத்தனை அறுப்பு?"

"ஒண்ணுதான்ப்பா."

"ஒண்ணா! நம்மூர்ல வருஷம் பூரா காய்க்குமே" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், ஏதோ அவரே காய்த்த மாதிரி.

அங்கிருந்து 29-ம் நம்பர் ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு டைரக்‌ஷன் கொடுத்தார். மேலே ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் பெயரில் ஒரு பார்க். செயின்ட் ஹெலினா மலைக்குப் பாதை அங்கேதான் ஆரம்பம். உச்சி 4,342 அடி. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. நாமேதான் சுமக்க வேண்டும். நான்கு லிட்டர் முதுகில் ஏற்றினேன்.

முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு நல்ல மரநிழல். வளைந்து வளைந்து ஏறும் பாதை. மட்ரோன் என்று ஒரு மரம், பட்டை உரிந்து வழவழவென்று சிவப்பாக நிற்கிறது. "கொய்யாவுக்கு அண்ணன்" என்று தடவிப் பார்த்தார். அடுத்ததாகப் பாதையோரம் ஒரு செடி. மூன்று மூன்று இலை.

"அட, வில்வம் மாதிரி இருக்கே!" என்று பறிக்கக் கையை நீட்டினார்.

"ஐயையோ, தொடாதீங்கப்பா!" நான் போட்ட கத்தலில் முன்னால் போன வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அது பாய்ஸன் ஓக். பட்டால் நாள்கணக்கில் அரிப்பும் கொப்புளமும்தான். மூன்று இலை கண்டால் கை வைக்காதே என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

"நம்மூர்ல மூணு இலைன்னா சாமிக்குப் போடுவோம்" என்றார் அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

எனக்கு மூச்சு வாங்கியது. எழுபது வயசுக்காரர் அலுங்காமல் ஏறினார். ஓடுகிற பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் நின்ற கால்! ஏ.ஸி. ரூமில் நாற்காலி தேய்க்கிற நான் எங்கே, அவர் எங்கே?

ஒரு திருப்பத்தில் சின்ன சமவெளி. விரித்து வைத்த புத்தகம் போல ஒரு நினைவுக்கல். உட்கார்ந்து, கதை சொன்னேன். 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஸ்டீவன்ஸன் 1880-ல் புதுப் பெண்டாட்டியோடு இங்கே வந்தார். நெஞ்சில் வியாதி, கையில் காசில்லை. ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாமல், கைவிட்ட வெள்ளிச் சுரங்கத்தின் கூலியாட்கள் கொட்டகையில் குடியேறினார். தேனிலவே அங்கேதான்!

அப்பா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட அந்தப் பொண்ணு இருந்துச்சில்ல? அப்ப ஓட்டைக் கொட்டாயும் வீடுதான்."

நான் பேசவில்லை.

"கோவிச்சுக்காதடா. நீயும் மருமகளும் குறை வைக்கல. உங்கம்மா இல்லாத வீடுதான், இருந்தாலும் வாசல்ல உட்கார்ந்தா, போற வர்றவன் 'என்ன கண்டக்டரே'ம்பான். இங்க வந்து ஆறு மாசம் ஆச்சு. என்னை யாரும் அப்படிக் கூப்பிடல."

பைக்குள் மனு இருந்தது. உச்சிக்கு இன்னும் ஆறரை கிலோமீட்டர். அதற்குமேல் நிழல் கிடையாது, வெறும் மண்ரோடு.

"மேல போலாமாப்பா?"

"ஹோல்டான்! வண்டி இதோட திரும்புது."

திரும்பினோம். அன்று ராத்திரியே விமான டிக்கெட் போட்டேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர், "சிங்கிளா, ரிட்டனா?" என்றார்.

"சிங்கிள்தான்ப்பா."

"சில்லறையா இருக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூலையில் தனியாகப் போய் உச்சிவரை ஏறினேன். வானம் தெளிவாக இருந்தால் 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஷாஸ்தா மலையே தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், பக்கத்தில் தகவல்தொடர்பு கோபுரங்கள். செல்போனில் சிக்னல் இருந்தது. கம்பத்தில் அப்போது ராத்திரி ஒன்பது மணி.

எடுத்தார்.

"என்ன கண்டக்டரே, சௌக்கியமா?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது குரல், கணீரென்று:

"ரை...ட்!"