ஜெனீவா ஏரிக்கரையிற் பிறந்த மாந்தர்

ஜெனீவா என்றதும் நம்மவர் உள்ளத்தில் சுவிற்சலாந்து தேசமும் அதன் பனிமலைகளுமே தோன்றும். யான் ஈண்டு எழுதப் புகுந்தது அந்த ஜெனீவாவைப் பற்றியன்று. ஐக்கிய அமெரிக்காவிலே, சிக்காகோ மாநகரிலிருந்து வடமேற்காக ஏறக்குறைய 80 மைல் சென்றால், விஸ்கொன்சின் மாநிலத்தில், ஏழு மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் தெளிந்த ஏரியொன்றைக் காணலாம். அதன் கீழ்க்கரையிலே அமைந்த சிறு பட்டினத்துக்கு ‘லேக் ஜெனீவா’ என்று பெயர். 1830களில் இங்கு வந்த நில அளவையாளர் ஒருவர், நியூயோர்க் மாநிலத்திலுள்ள தம்முடைய ஊரின் பெயரையே இதற்கும் சூட்டினார். அதற்கு முன்னர் இக்கரைகளில் வாழ்ந்த பொட்டவட்டமி என்னும் பழங்குடியினர் 1836இல் இங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்கள் நடந்து பழகிய ஏரிக்கரைப் பாதை மட்டும் மறையவில்லை. 21 மைல் நீளமுள்ள அந்தப் பாதையிலே, செல்வர்களுடைய மாளிகை முற்றங்களினூடாகவும், எவரும் தடையின்றி நடந்து செல்லலாம்.

இவ்வூரின் காட்சிகளுள் விந்தையானது தபாற் படகு. கோடைகாலத்திலே கரையோர வீடுகளுக்குக் கடிதங்கள் படகிலே செல்கின்றன. படகு நிற்பதில்லை. இளைஞர் ஒருவர் ஓடும் படகிலிருந்து இறங்குதுறையிலே குதித்து, கடிதத்தைப் பெட்டியிலிட்டு, படகு துறையைத் தாண்டுமுன் மீண்டும் தாவி ஏறிக்கொள்கிறார்.

ஏரியின் மறுபுறத்தில், வில்லியம்ஸ் பே என்னும் ஊரில், 1897இல் திறக்கப்பட்ட யேர்க்ஸ் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 40 அங்குல விட்டமுள்ள வில்லையைக் கொண்ட பெருந் தொலைநோக்கி அங்குண்டு. 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் அவ்வூரிலேயே வாழ்ந்து தம் ஆராய்ச்சிகளை நடத்தினார் என்பதைத் தமிழர் மறத்தற்கில்லை.

ஆயினும், என்னை இவ்வூருக்கு அழைத்துச் சென்றது விண்மீன் ஆராய்ச்சியன்று; ஒரு விளையாட்டு. சிக்காகோவில் வாழும் என் தங்கையின் மகனுக்கு வயது பதினாறு. யாழ்ப்பாணத்திலிருந்து அங்குச் சென்று ஈராண்டுகளே ஆகின்றன. “அண்ணா, பள்ளிக்கூடத்தால வந்தால் அறைக்குள்ளதான் இருக்கிறான். எங்களோட ஒரு வார்த்தை பேச்சில்லை. சனிக்கிழமையிலை மட்டும் ஏதோ பேய் பூத விளையாட்டெண்டு போறான். நீங்கள் படிப்பிக்கிற ஆள். ஒருக்கால் சொல்லி நிப்பாட்டிப் போட்டுப் போங்கோ” என்று தங்கை என்னை வேண்டினாள். அந்த விளையாட்டுப் பிறந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்பது மருமகனுடைய நெடுநாள் ஆசை. நிறுத்துவதற்கு முன் அது யாதென அறிவதே முறை என்றெண்ணி, அவனையும் அவனுடைய தோழர் இருவரையும் அழைத்துக்கொண்டு யானும் புறப்பட்டேன்.

‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்பது அவ்விளையாட்டின் பெயர். ‘நிலவறைகளும் பறவைநாகங்களும்’ என்று அதனைத் தமிழாக்கலாம். அதனை ஆக்கியவர் இருவர். ஒருவர் இவ்வூரினரான கேரி கைகாக்ஸ். சிக்காகோவிலே காப்புறுதி நிறுவனமொன்றிற் பணிபுரிந்த இவர், 1970இல் வேலையை இழந்து, தம் வீட்டு நிலவறையிலே சப்பாத்துத் திருத்திக் குடும்பத்தைக் காத்தவர். போர் விளையாட்டுகளில் மிகுந்த பற்றுடையவர். 1968இல் இவ்வூர்த் தோட்டக்கலை மண்டபத்தை 50 டொலர் வாடகைக்கு எடுத்து, தம்மொத்த ஆர்வலரை ஒன்றுகூட்டினார். அந்த மண்டபத்தை நாங்கள் கண்டோம். நம்மூர் வாசிகசாலை மண்டபம்போல அடக்கமான கட்டடமது.

மற்றவர் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன். போர் விளையாட்டிலே ஒருவர் ஒரு படை முழுவதையும் நடத்துவது அக்கால வழக்கம். 1969இல் ஆர்னெசனின் நண்பரான டேவிட் வெஸ்லி என்பவர் அவ்வழக்கை மாற்றி, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகரத்து மனிதரின் பாத்திரத்தைக் கொடுத்தார். ஆர்னெசன் அக்கருத்தை மாயமும் அரக்கரும் நிறைந்த கற்பனை நாடொன்றிலே வளர்த்தெடுத்தார். 1972ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் லேக் ஜெனீவாவுக்கு வந்து, சென்ரர் வீதியிலிருந்த கைகாக்சின் வீட்டில் அதனை ஆடிக் காட்டினார். 1974 தையில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக விளையாட்டு வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகள். விலை 10 டொலர்.

இனி, பாத்திரம் படைக்கும் முறையைக் கூறுவேன். ஒருவர் நடுவராயிருந்து கற்பனை நாட்டை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் செய்யக் கருதுவதைச் சொல்வர். வெல்பவர், தோற்பவர் என்று இதில் இல்லை; எல்லாரும் கூடி ஒரு கதையைப் பின்னுகின்றனர். பாத்திரத்துக்கு வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைவிரைவு, கவர்ச்சி என ஆறு இயல்புகள் உண்டு. 1974ஆம் ஆண்டு விதிப்படி, ஒவ்வோர் இயல்புக்கும் மூன்று தாயக்கட்டைகளை உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டி வரிசையாக எழுதவேண்டும். மூன்று முதல் பதினெட்டு வரை வரலாம். மூன்று கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 216. அவற்றுள் 54 வகைகளிற் பத்தோ பதினொன்றோ வரும். பதினெட்டு வருவது ஒரேயொரு வகையில்தான். ஆகவே பெரும்பாலான பாத்திரங்கள் நம்மைப்போன்ற நடுத்தர மாந்தராகவே பிறக்கின்றன. அதன் பின்னரே, போர்வீரனா, மந்திரவாதியா, சமயகுருவா என்பதை ஆட்டக்காரர் தெரிந்துகொள்வார். இக்கால விதிகள் எண்களை விரும்பியவாறு இடம் மாற்ற இடமளிக்கின்றன. பிறந்த மண்ணிலே பழைய முறையில்தான் ஆடவேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானித்தனர்.

ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு மரமேசையைச் சுற்றி அமர்ந்தோம். மருமகன் உருட்டினான். வலிமை 7, அறிவு 12, விவேகம் 14, உடலுறுதி 9, கைவிரைவு 11, கவர்ச்சி 5. “கடைசியை மட்டும் இன்னொருக்கால் உருட்டன்” என்றேன்.

“இல்லை மாமா. விழுந்தது விழுந்ததுதான். இதைக்கொண்டுதான் ஆளைச் செய்யவேணும்” என்றான்.

விவேகம் மிகுந்திருந்தமையால் சமயகுரு ஒருவரைத் தெரிந்தான். ‘கவர்ச்சி 5’ என்பதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர்க் கடதாசியில் எழுதலானான். தொலைதூர மடமொன்றிலிருந்து பெருநகரத்துக்கு வந்த குரு. அவன் வாயைத் திறந்ததும் நகரத்தார் அவனுடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தனர். அன்று முதல் அவன் போதிப்பதை விட்டுவிட்டான். அதனை வாசித்தபோது, தங்கை வீட்டு மௌனத்தின் காரணத்தில் ஒரு கூறு எனக்கு விளங்கியது. யான் யாதும் வினவவில்லை.

பெயர் சூட்டுவதும் ஒரு கலை. கைகாக்சின் மூத்த மைந்தர் எர்னெஸ்ட், தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி ‘டென்சர்’ என்று தம் மந்திரவாதிக்குப் பெயரிட்டார். ஆண் என்பதற்குரிய ‘எம்’ என்ற எழுத்தும் ‘எல்ஃப்’ என்னும் மாயக்குலத்தின் பெயரும் தாளிலே அடுத்தடுத்து நின்றமையால், இளைய மைந்தரின் பாத்திரம் ‘மெல்ஃப்’ ஆயிற்று. சிறுவர் இட்ட அப்பெயர்கள் இன்றும் இவ்விளையாட்டின் மந்திரங்களுக்கு வழங்குகின்றன. “மாமா, தனிச்சவனுக்குத் தமிழிலை என்ன பேர்?” என்று மருமகன் கேட்டான். ‘ஏகன்’ என்றேன். தோழர் இருவரும் அதனை இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகினர்.

மற்றத் தோழனின் பாத்திரம் போர்வீரன். வலிமை 16, விவேகம் 6. அவன் கூறியதன் கருத்து இது: “என் வீரன் உன் குருவை ஆற்றைத் தாண்டித் தோளிற் சுமப்பான். அவன் பிழையான கதவைத் திறக்கப்போகும்போது, நீ காதிலே சொன்னாற் போதும். ஊராருக்கு நான் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.” பின்னர்ப் பெயரின் பொருளைக் கேட்டறிந்து, இனி அவன் தனித்தவன் அல்லனே, பெயரை மாற்றவேண்டாமா என்று சிரித்தான். மருமகனும் சிரித்தான். பெயர் இருக்கட்டும் என்றான்.

யான் கண்டுகொண்டது இதுவே. புதிதாக ஆடுவோர் எல்லாம் வல்ல வீரனையே படைக்க விரும்புவர். எல்லாம் வல்லவனுக்குத் துணை எதற்கு? அவனுடன் அமர்ந்திருப்போருக்கு அங்கு வேலை எதுவும் இராது. குறையுள்ள பாத்திரமே மற்றொருவரைத் தேடுகிறது. அத்தேட்டத்திலேதான் கதை பிறக்கிறது. பாத்திரம் படைத்தல் என்பது தன் குறையை எழுதிப் பிறர்முன் வைத்தலும் அதனை ஏற்றுக்கொள்வாரைக் கண்டடைதலுமாகும்.

இவ்விளையாட்டுப் பேய்வழிபாட்டுக்கு இட்டுச்செல்லும் என்று 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் அஞ்சி இயக்கமும் நடத்தினர். அச்சத்துக்கு ஆதாரம் இருக்கவில்லை. வருந்தத்தக்கது வேறொன்று. ஊர் பேர் அறியாதாரையும் கூடிப் படைக்கக் கற்பித்த இருவரும், படைத்தவர் யார் என்பதிலே தாமே பிணங்கினர். 1979இல் ஆர்னெசன் வழக்குத் தொடர்ந்தார். 1981இல் அது தீர்வுக்கு வந்தது. 1985இல் தாம் நிறுவிய நிறுவனத்தின் ஆட்சியையே கைகாக்ஸ் இழந்தார். 2008இல் அவரும் 2009இல் ஆர்னெசனும் காலமாயினர். மேசையிலே எளிதாய் வருவது வாழ்க்கையில் அத்துணை எளிதன்று.

அன்றிரவு தங்கையிடம், “நிப்பாட்ட வேண்டாம். அந்தப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை உங்கடை வீட்டு மேசைக்குக் கூப்பிடு, தேத்தண்ணி குடு” என்றேன். அவள் அரைமனதோடு இசைந்தாள்.

பிள்ளைகளின் விளையாட்டு விளங்காத பெற்றோர் நம் நாட்டிலும் பலர். அவர்களுக்கு ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். உன் வீரன் எத்தனை அரக்கரைக் கொன்றான் என்று பிள்ளையிடம் கேட்பதிற் பயன் சிறிது. அவனுக்கு எது இயலாது, அதற்கு யார் துணை செய்கிறார்கள் என்று கேளுங்கள். மறுமொழி வரச் சற்றுத் தாமதமாகலாம். காத்திருந்து கேளுங்கள்.