டீசலுக்கு ஹெட்டர் வேண்டாம், மாப்பிள்ளை

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

மாமா எழுதுவது. ஸ்கார்ப்பியோ ஏற்காடு மலையில் இழுக்கவில்லை என்று ஸ்டெயின்லெஸ் ஹெட்டர் போடப் போகிறாய், நாற்பதாயிரம் ஆகுமாம், அக்கா போனில் சொன்னாள். போடாதே. வெறுமனே வேண்டாமென்றால் உனக்கு மனசு ஆறாது, அதனால் காரணத்தோடு எழுதுகிறேன்.

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டர் வேலை செய்யும், அது உண்மை. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரே நீளத்தில் தனிக் குழாய் வந்து ஓரிடத்தில் சேரும். புகையின் அழுத்த அலை அந்தச் சேருமிடம் வரை போய், உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். அந்நேரம் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருந்தால், எரிந்த புகையை இழுத்துவிட்டுப் புதுக் காற்றை உள்ளே வரவைக்கும்.

உன் ஸ்கார்ப்பியோவின் எம்ஹாக் டீசல் எஞ்சினில் அதற்கு வழியே இல்லை. டீசலில் கம்ப்ரஷன் அதிகம். பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்கியே வைத்திருப்பார்கள். அதோடு, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டைத் தாண்டியதுமே டர்போ குறுக்கே நிற்கிறது. அதன் டர்பைனைத் தள்ளிக்கொண்டுதான் புகை வெளியே போகவேண்டும். எத்தனை வழவழப்பான குழாய் போட்டாலும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்றைக் கவனி. டர்போவைச் சுற்ற வைப்பதில் புகையின் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனிக்காரன் குட்டையாக, தடிமனாக வார்ப்பிரும்பில் மேனிஃபோல்டு செய்வது சூடு வீணாகாமல் டர்பைனுக்குப் போய்ச் சேரத்தான். நீளமான மெல்லிய குழாய் அந்தச் சூட்டைப் பானட்டுக்குள் விட்டுவிடும். டர்போவின் எடையும் மேனிஃபோல்டில்தான் தொங்குகிறது. மலையேறி இறங்கும் வண்டியில் மேனிஃபோல்டு சிவக்கச் சூடாகி மறுபடி ஆறும். மெல்லிய குழாயின் வெல்டிங் அதில் விரிசல் விடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்பைனுக்குள் வெல்டிங் துணுக்கு ஒன்று போனால் டர்போவே போச்சு.

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் மேனிஃபோல்டு மாற்றுகிறார்களே என்று நீ கேட்கலாம். டாட்ஜ் வண்டியில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸின் மேனிஃபோல்டு ஒரே நீள வார்ப்பு. சூட்டில் நாளடைவில் சுருங்கி, போல்ட்டை இழுத்து, விரிசல் விடும். அதனால் மூன்று துண்டாக வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வாங்கிப் போடுகிறார்கள். அவர்களும் மெல்லிய குழாயைத் தேடிப் போகவில்லை பார். 2001-இல் வந்த டியூராமேக்ஸ் டீசல் எஞ்சினில் ஸ்டியரிங் தண்டுக்கு இடம் விடுவதற்காக டிரைவர் பக்க மேனிஃபோல்டையே நெரித்து வைத்திருந்தார்கள், அதை மாற்றுவது நியாயம். உன் வண்டியில் அப்படி எந்தக் குறையும் இல்லை.

இழுவை குறைந்தால் நான் முதலில் பார்ப்பது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். பாதி வண்டிகளில் கிளாம்ப் அடியில் வெடித்திருக்கும், எண்ணெய் ஈரம் காட்டிக்கொடுக்கும். அடுத்தது, புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் ஈஜிஆர் வால்வு. கரி படிந்து இன்டேக் பாதையே பாதி அடைத்திருக்கும். மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரம் கரிக்கோடு தெரிகிறதா, ஏற்றத்தில் 'உஸ்' என்று சத்தம் வருகிறதா, அதையும் பார். டர்போவுக்கு முன்னால் புகை கசிந்தால் பூஸ்ட் சரியாக ஏறாது. டர்போவின் உள்ளே கோணம் மாறும் இதழ்கள் கரியில் இறுகியிருந்தாலும் இதே கதைதான். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தையும் மறந்துவிடாதே. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்று, அதுவும் கம்பெனி வார்ப்பையே போடு. கடைக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டியை இங்கே கொண்டுவா. ஹோஸையும் ஈஜிஆரையும் நானே கழற்றிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா