கூர்மண்டையனின் வாசகர்கள்

திருச்சி தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் உள்ள பழைய புத்தகக் கடைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கூட்டம் வரும். நீட் கைடு கேட்கும் பிள்ளைகள், ரமணிசந்திரன் தேடும் பெண்கள் என்று எல்லோரும் முன்வரிசையில் நிற்பார்கள். கடையின் கடைசி மூலையில் சணல் கயிற்றில் கட்டிய காமிக்ஸ் கட்டுகள் இருக்கின்றன. அங்கே நிற்பவர்கள் சீக்கிரம் கிளம்ப மாட்டார்கள்.

முதுகுப்பை மாட்டிய ஒரு கல்லூரி மாணவன் கையில் தடித்த ஆங்கிலப் புத்தகம். பிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’. பத்து வருடம் ஒதுங்கியிருந்த பேட்மேன் ஐம்பத்தைந்து வயதில் மறுபடியும் முகமூடி போடும் கதை. பக்கத்தில் நின்ற பெரியவரைக் கடைக்கார பாய் “ஒர்க்‌ஷாப் சார்” என்றுதான் கூப்பிடுகிறார். பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“இதுதான் சார் எல்லாத்தையும் மாத்துச்சு. 1986. அதுக்கு முன்னாடி சூப்பர் ஹீரோன்னா ரொம்ப நல்லவன். இவருதான் அவனை இருட்டுக்குள்ள கொண்டு வந்தாரு.”

பெரியவர் புத்தகத்தை வாங்கினார். பக்கங்களை அவசரமில்லாமல் தள்ளினார். மழையில் நனையும் நகரம் வந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

“நல்லாத்தான் போட்டிருக்கான் தம்பி. ஆனா இருட்டு எங்களுக்கு 84லயே வந்துருச்சு.”

கட்டுக்குள் கைவிட்டு, அட்டை போன பாக்கெட் சைஸ் இதழ் ஒன்றை உருவினார். கறுப்பு வெள்ளை, பழுத்த தாள். கூம்பிய தலை, விடைத்த காதுகள், முதுகில் ஏதோ இயந்திரம். ஸ்பைடர்! அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘கூர்மண்டையன்’ என்று தமிழ் வாசகர்கள் செல்லமாக அழைக்கும் இவன், 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் பிறந்தவன். எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெஜ் பன். விரைவிலேயே கதை எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். உலகத்தின் மிக நல்ல வீரனைப் படைத்த அதே கை இந்தக் குற்றச் சக்கரவர்த்தியையும் எழுதியது. 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதே வருடம் ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற தலைப்பில் ஸ்பைடர் தமிழுக்கு வந்தான்.

“பேட்மேனுக்கு அப்பா அம்மாவைக் கொன்னுட்டாங்க, அதனால கோவம். இவனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. திருடர்களுக்கெல்லாம் ராஜா ஆகணும்னு நெனச்சான், கெளம்பிட்டான். பெல்ஹாம்னு ஒரு புரொபசரு, ஆர்டினின்னு பூட்டு ஒடைக்கிறவன், ரெண்டு பேரையும் சேத்துக்கிட்டான். அழுவுறதுக்குக் கதையே இல்லாத ஆளு. அதான் எனக்குப் புடிச்சுது.”

“வெறும் தற்பெருமை சார் அவன்” என்றது ஒரு பெண்குரல். மகளுக்கு கைடு வாங்க வந்தவர். ஆசிரியை என்று பிறகு பேச்சில் தெரிந்தது. “எங்க அண்ணன் ஒளிச்சு வைக்கிறதை எடுத்து நானும் எல்லாம் படிச்சிருக்கேன். பக்கத்துக்குப் பக்கம் ‘நான் யார் தெரியுமா’ன்னே பேசுவான். நெஜமான இருட்டு மாயாவிதான்.”

பெரியவர் முகம் மலர்ந்தது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. ஆங்கிலத்தில் லூயிஸ் கிராண்டெல். ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆய்வகத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடம்பு முழுக்க மறைந்துவிடும். இவனும் 1962இல் கெட்டவனாகத்தான் ஆரம்பித்தான், பிறகே உளவாளியானான்.

“மறையணும்னா ஒவ்வொரு தடவையும் ஷாக் வாங்கணும். அதை யோசிச்சுப் பாருங்க” என்றார் ஆசிரியை. “அந்தக் கட்டத்துல அவன் மூஞ்சி கோணுறதைப் பாத்துட்டு ராத்திரி தூங்காம இருந்திருக்கேன்.”

மாணவன் இதற்குள் சுதாரித்துக்கொண்டான். ‘வாட்ச்மென்’ எழுதிய ஆலன் மூர் சிறுவயதில் இதே பிரிட்டிஷ் இதழ்களைப் படித்து வளர்ந்தவர் என்றான். ‘ஆல்பியன்’ என்று 2005இல் ஒரு தொடர் வந்ததாம். கதைத்திட்டம் மூருடையது, எழுதியவர்கள் அவர் மகளும் மருமகனும். “அதுல ஸ்பைடர், மாயாவி எல்லாரையும் கவர்ன்மென்ட்டே புடிச்சு ஸ்காட்லாந்துல ஒரு கோட்டைக்குள்ள அடைச்சு வச்சிருக்கும் சார்.”

பெரியவர் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். சொந்தக்காரருக்கு நேர்ந்ததைக் கேட்டது போல இருந்தது அது. “அடைச்சுட்டானா?” என்றார். பிறகு, “ரோபோ ஆர்ச்சி?” என்றார்.

“இருக்கான் சார்.”

இப்படிப்பட்ட பேச்சு எந்த விமரிசனக் கட்டுரையிலும் ஏறாமல் போவது எனக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடமாக ஒரு பாத்திரத்தை மனதில் வைத்துப் புரட்டிப் பார்த்தவர்களின் கருத்து இது. இருட்டு நாயகன் என்பதை அமெரிக்காவின் 1986லிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள், சிவகாசித் தாளில் அவனைச் சந்தித்த இந்தக் குழந்தைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெயின்கார்டு கேட்டில் ஏறிய ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலும் அந்த மாணவனும் ஆசிரியையும் எனக்கு முன்னிருக்கையில்தான் இருந்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மாணவன் விடவில்லை.

“ஆனா ஸ்பைடர் பின்னாடி திருந்திட்டான்ல மேடம்?”

“எங்க தம்பி திருந்துனான்? திருடுறதுல அவனுக்குச் சவால் தீந்து போச்சு. பெரிய பெரிய வில்லனோட மோதுறதுதான் இனி கெத்துன்னு தோணுச்சு. எதிரியை மாத்திக்கிட்டான், அவ்வளவுதான். மனசு மாறவே இல்ல. பன்னெண்டு வயசுல அது புரியாம, நீதிக்காவலன்னு கும்பிட்டோம்.” கொஞ்சம் நிறுத்தி, “அது தெரிஞ்சே எழுதியிருந்தா அந்த ஆளு பெரிய எழுத்தாளர்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் உடனே பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். சீகலைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாணவன் மடியிலிருந்த புத்தகத்தைத் தட்டினான். “அப்போ பேட்மேன்? இவனும் மனசு மாறாதவன்தானா?”

“இதை நான் படிக்கலையே. படிச்சுட்டுச் சொல்றேன்.”

மாம்பழச்சாலை தாண்டியிருந்தது. அவன் புத்தகத்தைப் புரட்டினான், மூடினான். இன்றைக்குத்தான் வாங்கியது, இன்னும் முழுதாகப் படித்திருக்கவும் மாட்டான். ராஜகோபுரம் நிறுத்தத்துக்கு ஆசிரியை எழுந்தபோது அதை அவர் பையில் வைத்துவிட்டான்.

“பின்னட்டை பிரிஞ்சிருக்கு மேடம். மூணாவது பாகத்துல ஜோக்கர் வருவான், அங்க மட்டும் அவசரப்படாதீங்க.”